விருந்தாளியின் கடிகாரம்

4 ஜூன் 2012, திங்கள்

கம்ப்யூட்டர் செத்துப்போனது. காலையில் சுவிட்சைப் போட்டேன். மூன்று முறை கத்தியது, பிறகு கருகிய வாசனை. பத்து வருஷம் உழைத்த பெட்டி. பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இனி இதுல கோழி அடைக்கலாம்க்கா" என்றார்.

கடை என்று சொல்லிக்கொள்வது வடசேரி வீட்டின் முன்னறையைத்தான். பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், கணினி ஜாதகம் என்று எழுதியிருக்கும். வெட்கத்தில் ஜாதகத்தைக் கடைசியில் போட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கடைசி வார்த்தைக்காகவே வருகிறார்கள்.

நான் பி.எஸ்ஸி. கணிதம். ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜாதகம் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் இந்த மூன்று வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதக் கூச்சமாகக்கூட இல்லை.

எனக்கு ஏழில் செவ்வாய். இருபத்துமூன்று வயதில் வந்து உட்கார்ந்தவர் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. அவ்வளவுதான் என் கல்யாணக் கதை.

6 ஜூன், புதன்

சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் போகிறதாம், இனி நூறு வருஷத்துக்குக் கிடையாதாம். மாடிக்குப் போனேன். மேகம். கீழே வந்துவிட்டேன்.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பளபளவென்று விண்டோஸ் செவன். ஜாதகப் புரோகிராமின் சிடியைப் போட்டால், இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று மரியாதையாகச் சொன்னது. திரும்பப் போட்டேன். திரும்பவும் அதே மரியாதை. திருநெல்வேலியில் ஒருவர் எழுதி விற்ற புரோகிராம் அது. சிடியில் இருக்கும் அவருடைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

வேறு புரோகிராம் வாங்கலாம். ஆனால் இதன் மூலைமுடுக்கெல்லாம் எனக்குத் தெரியும். இதற்கு உலகத்தில் ஒரே ஒரு நேரம்தான், கம்ப்யூட்டரில் எந்த நாட்டு நேரம் வைத்திருக்கிறோமோ அது. நம் ஊரில் பாதிப் பேர் வளைகுடாவில். துபாயில் பிறந்த பிள்ளை என்றால் கம்ப்யூட்டரையே துபாய் நேரத்துக்கு மாற்றி, கட்டத்தை எடுத்து, மறக்காமல் இந்தியாவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தது. அதில் ஒரு பெருமை எனக்கு.

9 ஜூன், சனி

லீமா வந்தாள். குளச்சல்காரி, கல்லூரியில் என் பெஞ்ச். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். மீன் பொதியோடு வந்து, நான் சைவம் என்பது வாசலில்தான் ஞாபகம் வந்து, பொதியை வண்டியிலேயே மாட்டிவிட்டு வந்தாள். இருபத்தைந்து வருஷமாக இதே ஞாபகமறதி.

"புதுசுக்குள்ள பழச வைக்கலாம்ட்டி."

"என்னது?"

"இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். பொய்க் கம்ப்யூட்டர். ஆனா அதுக்குத் தான் பொய்யின்னு தெரியாது. அதுக்குள்ள ஒனக்க பழைய விண்டோஸ் எக்ஸ்பியப் போடு. அதுக்குள்ள ஒனக்க ஜாதகத்தப் போடு."

"வெளியே இருக்கிறதுக்கு இது தெரியுமா?"

"தெரியும். இதுக்கு வீட்டுக்காரன்னு பேரு. உள்ள வாறவன் விருந்தாளி. புஸ்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. விருந்தாளிக்கு எவ்வளவு எடம், எவ்வளவு மெமரின்னு நீ பாத்துக் குடுக்கணும். அள்ளிக் குடுத்தா வீட்டுக்காரன் பட்டினி."

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு, பிள்ளைகளுக்கு எழுதுவது போல. தொலைத்துவிடுவேன் என்று பயந்து, அவள் போன கையோடு தாளின் முதுகு நிறையப் பசை தடவிக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

10 ஜூன், ஞாயிறு

வெர்ச்சுவல் பாக்ஸ் என்பதைப் போட்டேன். முதலில் உள்ளே வரப்போகிறவருக்குப் பெயர் கேட்டது. லீமாவுக்குப் போன் செய்தேன். "சாமி பேரு எதாம் வைட்டி" என்றாள். "பழசு" என்று வைத்தேன். எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

பழைய பெட்டியோடு வந்த எக்ஸ்பி சிடி ஓட ஆரம்பித்தது. நீலத்திரை. இந்த இடத்தில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்றது. கை அப்படியே நின்றுவிட்டது. நான்கு நாள் வயதுக் கம்ப்யூட்டர். மறுபடியும் போன்.

"லீமா, அழிக்கட்டுமாண்ணு கேக்குட்டி."

"அழி."

"எல்லாம் போயிராதா?"

"உள்ள உள்ள டிஸ்க்கத்தான் கேக்குது. அதுல என்ன இருக்கு? நீ இப்பம் உண்டாக்குனது. ஒண்ணும் இல்லாததுல ஒண்ணும் போகாது. எண்டர அமத்து. நான் பூசைக்குப் போகணும்."

அமத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தொன்பது நிமிடம் மீதி என்று காட்டியபோது கரண்டு போனது. இரண்டு மணி நேரம் கழித்து வந்ததும் முதலிலிருந்து. நீலத்திரை, சம்மதமா, சம்மதம், முப்பத்தொன்பது நிமிடம். மறுபடியும் போனது. அந்த முப்பத்தொன்பதைத் தாண்டக் கூடாது என்று மின்சார வாரியத்தில் யாரோ சபதம் எடுத்திருக்கிறார்கள்.

11 ஜூன், திங்கள்

தாண்டிவிட்டது.

எக்ஸ்பி கேட்ட இருபத்தைந்து எழுத்துச் சாவியைப் பழைய பெட்டியின் முதுகிலிருந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அழிந்துபோன ஒரு எழுத்து எட்டா பி-யா என்று ஒரு மணி நேரம். பி. அதற்குப் பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. மொழி, பெயர், நிறுவனம், நேரம், இன்னும் என்னென்னவோ. பெண் பார்க்க வந்தவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். அந்தக் காலத்தில் செய்ததையே செய்தேன். நிமிர்ந்து பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம், எண்டர், எண்டர்.

பச்சைப் புல்வெளி, நீல வானம். பழைய முகப்பு. புதுத் திரையின் நடுவில் கைக்குட்டை அளவுக்கு.

12 ஜூன், செவ்வாய்

புரோகிராம் ஓடுகிறது! பிள்ளையார் படம், கட்டம், எல்லாம் அப்படியே. சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒரு அடி தள்ளி நின்றார்.

திரை சின்னதாக இருக்கிறதே என்று லீமாவிடம் கேட்டேன். விருந்தாளிக்குச் சில உபசாரங்கள் பாக்கியாம், அதையும் போடச் சொன்னாள். போட்டதும் முழுத்திரைக்கு விரிந்தது. நன்றாக இருக்கிறது.

ஒரு வேடிக்கை. வெளியே கடிகாரம் பதினொன்றரை, உள்ளே பதினொன்று. விருந்தாளி அரைமணி பின்தங்கி ஓடுகிறார். காலையிலும் கவனித்தேன், அதே அரைமணி. திருத்தலாம் என்று கை போனது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உலகம் ஒரு நேரத்தில் இருக்க, உள்ளே ஒருவர் தன்னுடைய நேரத்தில் அமைதியாக இருந்துவிட்டுப் போகட்டும். நானும் அப்படித்தானே. எல்லாரும் வந்து போன பிறகு அரைமணி கழித்து வந்து சேர்கிறவள். என் கம்ப்யூட்டருக்கும் என் குணம்.

(திருப்பிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.)

20 ஜூன், புதன்

தம்பி கோலப்பன் வந்தான். அவன் மகள் ராஜிக்கு வரன். பூதப்பாண்டி. பையன் பெயர் சிவதாணு, கூட்டுறவு வங்கியில் வேலை. அம்மா தாணம்மாள், அப்பா இல்லை. அவர்களே சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஜாதகம் கேட்கிறார்கள்.

ராஜிக்கு ஜாதகம் கிடையாது. கோலப்பன் எழுதவில்லை. அவள் பிறந்தபோது அம்மா கேட்டதற்கு, "எக்காளுக்கு எழுதினது போதும்" என்றான். அதை எனக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொள்வதா, வேறெப்படி எடுப்பதா என்று இருபத்தோரு வருஷமாக முடிவு செய்யவில்லை. நட்சத்திரம் சுவாதி என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

"நேரம் உண்டுமா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு வச்சிருக்கேன். பத்து நாப்பது."

ராஜி உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். தாகமில்லாமல் குடித்தாள். அவள் கோட்டாறு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அந்தப் பையனும் அவளும் இரண்டு வருஷமாக ஒரே பஸ். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கிறாள் என்பதுகூட இல்லை, "அந்தப் பஸ்ல சீட்டு கெடைக்கும் அத்தே" என்று அடிக்கடி சொல்வாள். அந்தப் பஸ்ஸில் யாருக்கும் சீட்டுக் கிடைக்காது.

22 ஜூன், வெள்ளி

எடுத்தேன். எண்டரை அழுத்துமுன் திரையில் இருந்த பிள்ளையாரைக் கை கும்பிட்டது. நம்பாதவளின் கை.

செவ்வாய் லக்னத்தில். இந்தப் புரோகிராம் அதைத் தோஷத்தில் சேர்ப்பதில்லை. பையன் வீட்டிலிருந்து வந்த ஜாதகத்தோடு பொருத்திப் பார்த்தால் பத்துக்கு எட்டு.

தாளை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தே தம்பி வீட்டுக்குப் போனேன். ராஜி வாங்கிப் பார்த்தாள். காதுமடல் மட்டும் சிவந்தது.

8 ஜூலை, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம், ஆகஸ்ட் இருபத்தாறு. தாணம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, ஒங்க கையால எடுத்த ஜாதகம், ராசியான கை" என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். நாற்பத்தைந்து வருஷத்தில் என் கையை யாரும் ராசி என்று சொன்னதில்லை. இரண்டு போளி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

19 ஜூலை, வியாழன்

எங்கே தொடங்குவது.

பகவதியப்பன் வந்தார். சுசீந்திரம் பக்கத்து ஜோசியர், எழுபது வயது. கட்டத்தை என்னிடம் எடுக்கச்சொல்லி ஆட்களை அனுப்புவார், பலனை அவர் சொல்லுவார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளை என் முன்னால் விரித்தார்.

"பிள்ளே, இது நீங்க எடுத்ததுதானா?"

"ஆமா."

"பிள்ளை காலம்பற ஆறு மணிக்குப் பெறந்திருக்கு."

"ஆமா."

"காலம்பற ஆறு மணிக்கு சூரியன் எங்க நிக்கும்?"

"லக்னத்துல."

"இதுல ஏழுல நிக்கி." அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "நானும் எழுபது வருசமா கன்னியாரியில சூரியன் உதிக்கதப் பாக்கேன். கெழக்கதான் உதிக்கி. ஒங்க கம்ப்யூட்டர்ல மட்டும் மேக்க உதிச்சிட்டோ?"

வாங்கிப் பார்த்தேன். ஏழில்தான். உள்ளே போய் விருந்தாளியைத் திறந்தேன். வெளியே 10:15. உள்ளே 9:45. அதன் பக்கத்தில் இரண்டு எழுத்து, இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. பி.எம். சுட்டியைக் கொண்டுபோய் மேலே வைத்தேன். ஜூலை பதினெட்டு என்றது. உள்ளே இன்னும் நேற்று ராத்திரி.

அரைமணி அல்ல. பன்னிரண்டரை மணி நேரம். பசிபிக் நேரம், அமெரிக்கா. கேட்டதற்கெல்லாம் எண்டர் தட்டியபோது இதையும் தட்டியிருக்கிறேன்.

ஜோசியரை அனுப்பிவிட்டு, லீமாவின் தாளைச் சுவரிலிருந்து பிய்த்தேன். பாதி கிழிந்து, பாதி சுண்ணாம்போடு வந்தது. பின்பக்கத்தில், பசைக்கு அடியில், அதே டீச்சர் கையெழுத்து. "11. நேரம் கேட்கும்போது இந்தியா என்று மாற்று. இது ரொம்ப முக்கியம்." இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

துபாய்ப் பிள்ளை ஒன்று வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இந்த ஐந்து வாரத்தில் ஒன்றுகூட வரவில்லை. அரைமணி பின்தங்கிய விருந்தாளியாம். தன் நேரத்தில் அமைதியாக இருக்கிறவராம். தவறான ஒரு செட்டிங்கைப் பார்த்துத் தத்துவம் எழுதி, நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அடைப்புக்குறியில் வேறு—

ராஜி.

20 ஜூலை, வெள்ளி

இந்தியாவுக்கு மாற்றினேன். பத்து நாப்பது, நாகர்கோவில், எண்டர்.

ஏழில் செவ்வாய்.

நான்கு தடவை எடுத்தேன். நான்கு தடவையும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நட்சத்திரம் சுவாதி மாறவில்லை, பாதம்தான் மாறியிருக்கிறது. சுவாதியே வந்ததால்தான் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். திரும்ப அமெரிக்காவுக்கு மாற்றி, என்னுடைய நேரத்தைப் போட்டேன். செவ்வாய் லக்னத்துக்கு வந்துவிட்டது. தோஷம் இல்லை. அமெரிக்க நேரப்படி எனக்கு 1990-இலேயே கல்யாணம் ஆகியிருக்கும்.

இந்தியாவுக்குத் திருப்பி வைத்தேன்.

24 ஜூலை, செவ்வாய்

ஜூன் பன்னிரண்டு முதல் எடுத்தது முப்பத்தேழு ஜாதகம். நோட்டில் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. மூன்று நாளாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தவறு என்னுடையது, வந்து புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அம்மா, "அப்பம் பழசுல உள்ள நல்லதெல்லாம் போச்சா?" என்று அழமாட்டாத குறையாகக் கேட்டாள். மயிலாடியில் சிலைப் பட்டறை வைத்திருக்கும் முத்துநாயகம் மாற்றவே மாட்டேன் என்றுவிட்டார். "பழசுல தொழில் விருத்தின்னு போட்டிருந்து. போன வாரமே ரெண்டு நந்திக்கு ஆர்டர் வந்தாச்சு. நீங்க சும்மா இரிங்கோ."

முப்பத்தாறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

26 ஜூலை, வியாழன்

தம்பியிடம் சொன்னேன். அவன் கதவைச் சாத்தினான்.

"எக்கா, இத ஆருகிட்டயாம் சொன்னியா?"

"மத்த முப்பத்தாறு பேருகிட்டயும்."

"அந்த முப்பத்தாறு பேரும் போறானுவோ. இத விடு."

"அவுங்க வீட்டுல கேட்டுத்தான ஜாதகம் குடுத்தோம். தப்பான தாளக் குடுத்துட்டுச் சும்மா இருக்கதா?"

"ஒனக்கு அதுல நம்பிக்கை உண்டுமா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. நமக்கு ரெண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லாத ஒரு காரியத்துக்காகப் பிள்ளைக்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போடணுமா? அப்பாக்க நேர்மையில நீ ஒருத்தி கல்யாணமில்லாம நின்னது போதாதா?"

அவன் சொன்னதில் ஒவ்வொரு எழுத்தும் சரி. அதுதான் கஷ்டம். நம்பாதவள் நம்புகிறவர்களிடம் போய், நீங்கள் நம்பும் பொய்யில் ஒரு பிழை இருக்கிறது, சரியான பொய் இது என்று நீட்டுவதற்கு என்ன பெயர்? ஆனால் தாணம்மாள் என் கையைப் பிடித்தாள். என் கையால் எடுத்தது என்றாள். சொல்லாவிட்டால் இனி ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கையால்தான் அவளுக்குப் பலகாரம் கொடுக்க வேண்டும்.

ராஜி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் வெளிறியிருந்தது.

"அத்தே, நீங்க போய்ச் சொல்லிருங்கோ."

"ஏட்டி, வேண்டாம்னு சொல்லிட்டா?" இது கோலப்பன்.

"சொன்னாச் சொல்லட்டும். சொல்லாம இருந்தா, அத்த அங்க வரும்போதெல்லாம் அந்த மொகத்தப் பாத்தே எனக்குத் தோஷம் வந்திரும்." சிரிக்க முயன்றாள். வரவில்லை. பிறகு என்னிடம் மெதுவாக, "வேண்டாம்னு சொன்னா, அந்தப் பஸ்ல இனி நான் போகமாட்டேன், அவ்வளவுதான்" என்றாள்.

29 ஜூலை, ஞாயிறு

பூதப்பாண்டிக்குத் தனியாகப் போனேன். கையில் இரண்டு தாள், தவறானதும் சரியானதும். பஸ்ஸில் நான்கு விதமாகப் பேச்சைத் தயாரித்தேன். இறங்கும்போது ஒன்றும் ஞாபகம் இல்லை.

தாணம்மாள் பின்கட்டில் கத்தியால் பலாச்சக்கைக் கொட்டையின் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சிவதாணு வீட்டில் இல்லை. நல்லது. பேச்சை ஆரம்பித்தேன். வெர்ச்சுவல் பாக்ஸ், வீட்டுக்காரன், விருந்தாளி, பசிபிக் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

"மைனி, சுருக்கமாச் சொல்லுங்கோ. என்ன ஆச்சு?"

"நேரம் மாறிப்போச்சு. சரியான நேரத்துக்கு எடுத்தா ராஜிக்கு ஏழுல செவ்வா."

கத்தி நின்றது. முடிந்தது, பஸ்ஸில் சீட்டு போயிற்று, நான்தான் போக்கினேன் என்று நினைத்தேன்.

"எவ்வளவு மாறிச்சு?"

"பன்னிரண்டரை மணி நேரம்."

"பன்னிரண்டரை மணிக்கூரா!"

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிக்கிறாள் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எனக்க மைனியே! நாங்க இருவத்திரண்டு நிமிசம் மாத்தினதுக்கு நான் நிச்சயத்துலேருந்து நெஞ்சு பதறிட்டுக் கெடக்கேன். நீங்க ஒரேயடியாப் பகல ராத்திரி ஆக்கிட்டியோ!"

"என்னது?"

"தாணுவுக்கு எட்டுல செவ்வா. இருவத்திரண்டு நிமிசம் முன்னாலயே பெறந்திட்டான்னு எழுதினா ஒம்பதுக்குப் போயிரும்னு சொன்னாரு. சரின்னுட்டோம்."

"ஆரு சொன்னா?"

"பகவதியப்பன் ஜோசியருதான்."

மேற்கே சூரியன் உதித்துவிட்டதோ என்று கேட்ட மனிதர்!

தாணம்மாள் மறுபடி கத்தியை எடுத்தாள். "இப்பம் ஒண்ணும் ஆகல. அவனுக்கும் உண்டும், அவளுக்கும் உண்டும். ரெண்டு பேருக்கும் இருந்தா ஒண்ணும் செய்யாதுன்னு நீங்க அடிச்சுக் குடுக்க தாள்லயே போட்டிருக்குலா? மொதல்லயே ரெண்டு வீட்டுலயும் உள்ளதச் சொல்லியிருந்தா இந்தப் பாடே இல்ல. இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்கோ."

காப்பி போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சாதாரணமாகக் கேட்டாள். "மைனி, ஒங்களுக்கும் இதுதான்னு சொன்னாவ. அப்பா வாத்தியாருலா, ஒரு அஞ்சு பத்து நிமிசம் தள்ளி எழுதியிருக்கப்பிடாதா? எல்லாரும் செய்யதுதானே."

எல்லாரும் செய்வதா? எத்தனை பேருக்குக் கட்டம் எடுத்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் நேரத்தை அப்படியே தட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாது.

காப்பி நன்றாக இருந்தது என்று சொன்னேன். சூடு மட்டும்தான் ஞாபகம்.

30 ஜூலை, திங்கள்

என் நேரம் காலை நாலு ஐம்பத்திரண்டு. அப்பா எழுதி வைத்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் நேரம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்குமா என்று கேட்டு அனுப்பியபோது, "நாலு அம்பத்திரண்டுன்னா நாலு அம்பத்திரண்டுதான்" என்றார். நான் அறைக்குள் நின்று கேட்டேன். அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதுதான் இப்போது வலிக்கிறது. பெருமையாக இருந்தது.

இன்று ஐந்து மணி என்று போட்டுப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் ஐந்து மணி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

செவ்வாய் ஆறில். தோஷம் இல்லை.

31 ஜூலை, செவ்வாய்

கடை திறக்கவில்லை.

2 ஆகஸ்ட், வியாழன்

லீமாவிடம் சொன்னேன். எட்டு நிமிடம் என்று சொன்னேன். கிளம்ப எடுத்த வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"ஏட்டி, செவ்வா பாத்து வந்தவன் எவனாம் உருப்படியா இருந்திருப்பான்னு நெனைக்கியா?"

"ஒருத்தன் இருந்தான்."

"யாரு, அந்த மீசையா? அவனுக்கு இப்பம் தொப்பையும் சர்க்கரையும். நான் போன மாசம் கோட்டாத்துல பாத்தேன். நீ தப்பிச்ச."

இரண்டு பேரும் சிரித்தோம். அது ஆறுதல் இல்லை. ஆனால் சிரிப்புத்தான்.

தாளின் பின்பக்கத்தைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

கல்யாணம் நடந்தது. மழை இல்லை. தாலி கட்டும் நேரத்தில் கோலப்பன் அழுதான், பிறகு கண்ணில் ஹோமப் புகை பட்டது என்று எல்லாரிடமும் விளக்கினான். பகவதியப்பன் முன்வரிசையில். அவர் பார்வை என் மேல் பட்டதும், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். அவர் அவசரமாகத் தாம்பூலப் பையைத் தேடினார்.

போகும்போது ராஜி என் காதில் சொன்னாள். "அத்தே, பஸ்ல அவருக்குத்தான் எப்பமும் சீட்டு கெடைக்கும். எந்திரிச்சு எனக்குத் தருவாரு. அதான்."

14 செப்டம்பர், வெள்ளி

களியக்காவிளையிலிருந்து ஒரு அம்மா வந்தாள், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு. குழந்தைக்கு ஜாதகம் எழுத வேண்டும். ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் ஓடுவதைக் குழந்தை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

விருந்தாளியைத் திறந்தேன். வெளியே பதினொன்று இருபது, உள்ளே பதினொன்று இருபது. இரண்டிலும் ஏ.எம். தினமும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

தேதி, ஊர், நேரம். எட்டு நாற்பத்தேழு என்றாள். தட்டினேன். கட்டம் வந்தது. செவ்வாய் ஏழில்.

பிரிண்ட் கொடுக்கக் கை போனது. எடுத்துவிட்டேன். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எட்டு நாப்பத்தேழுன்னு ஆரு பாத்தா?"

"ஆஸ்பத்திரில சொன்னாவ. செவத்துல கடிகாரம் உண்டும்."

"அது சரியா ஓடிச்சா? அவசரம் ஒண்ணும் இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவள் யோசித்தாள். நான் காத்திருந்தேன்.